நேர்முகம் பதில் சொன்ன கதை

மெத்தை கம்பெனியில் அவரை 'நேர்முகம்' என்றுதான் சொல்வார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது சம்பளச் சீட்டில் மட்டும் குடியிருந்தது. பதவி, ஊழியர் நல அதிகாரி. ஊழியர்களின் நலனுக்காக அவர் செய்துவந்தவை: கேட்ட லீவை மறுப்பது, கேட்காத அறிவுரையைக் கொடுப்பது, புதிதாக ஆள் எடுப்பது. முதல் இரண்டையும் கடமைக்குச் செய்தார். மூன்றாவதை மட்டும் ருசித்துச் செய்தார். நேர்முகத் தேர்வு உள்ள நாளில் ஷூ பளபளக்கும், நடையில் ஒரு மிடுக்கு வந்துவிடும். வாசல் காவலாளி அதைப் பார்த்தே, இன்றைக்கு யாரோ மாட்டினார்கள் என்று தெரிந்துகொள்வார்.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. மற்ற எல்லா இடத்திலும் அவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். முதலாளி கேட்டால் விளக்கம், கணக்குப் பிரிவு கேட்டால் சமாதானம், வீட்டில் மனைவி கேட்டால் 'ம்'. அந்த ஒரு அறைக்குள் மட்டும்தான் கேள்விகள் அவருடையவை. கிடைத்த அந்த இடத்தில் மனிதர் கொஞ்சம் காலை நீட்டிக்கொண்டார், அவ்வளவுதான்.

நீட்டிய கால் வீடு வரைக்கும் போனதுதான் சங்கடம். மச்சினி, தான் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவரை ஒருநாள் அழைத்து வந்தாள். கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், சாதுவான ஆள். மனைவி டீ போட்டுக் கொண்டுவருவதற்குள் நேர்முகம் ஆரம்பித்துவிட்டார். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். இன்னும் ஐந்து வருடத்தில் எந்த நிலையில் இருப்பீர்கள் என்றார். "உங்களுக்குச் சகலையா இருப்பேன் சார்" என்றார் அந்தப் பாவப்பட்டவர். உங்களுடைய மிகப் பெரிய பலவீனம் எது என்று கேட்டபோது, அவர் மச்சினியைத் திரும்பிப் பார்த்தார். கல்யாணம் நடந்தது. ஆனால் அதற்குப் பிறகு சகலை எந்த விசேஷத்துக்கு வந்தாலும், நேர்முகம் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்துவிட்டு, அதற்கு நேர் எதிர்க் கோடியில்தான் உட்காருவார்.

அலுவலகத்தில் தேர்வு அறை அவருடைய சொந்தக் கலைப்படைப்பு. மேஜைக்கு இந்தப் பக்கம் அவருடைய உயரமான நாற்காலி. அந்தப் பக்கம், அடியில் கைப்பிடி வைத்து ஏற்றி இறக்கும் நாற்காலி. அதை எப்போதும் அடிமட்டத்தில் இறக்கி வைத்திருப்பார். உட்காருகிறவரின் முகவாய் மேஜை விளிம்புக்குக் கொஞ்சம் மேலே தெரியும். எதிரில் ஜன்னல், திரை கிடையாது, வெயில் நேராகக் கண்ணில் விழும். தண்ணீர் டம்ளர் உண்டு, நேர்முகத்தின் கைக்கு மட்டும் எட்டும் தூரத்தில். இந்த ஏற்பாட்டில் வந்து உட்கார்ந்து கண்ணைச் சுருக்கியபடி, "என் பலவீனம் என்னன்னா சார், நான் ரொம்ப அதிகமா உழைச்சிடுவேன்" என்று சொல்லாத ஆளே இல்லை. நேர்முகம் ஒவ்வொரு தடவையும் அதை முதல்முறை கேட்பவர்போல் புருவத்தை உயர்த்துவார். அப்படி உழைப்பதாகச் சொன்னவர்கள் பலபேர் அந்தக் கட்டடத்திலேயே இருந்தார்கள். மெத்தை தயாரிக்கும் இடமென்பதால் அவர்கள் உழைக்க வசதியான மூலைகளுக்குப் பஞ்சமில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில் புகார் பிரிவில் ஓர் இடம் காலியானது. காலியானது என்பதைவிட, அந்த இடம் எப்போதும் காலிதான், அவ்வப்போது யாராவது உட்கார்ந்து எழுந்து போவார்கள் என்பதுதான் சரி. கம்பெனி மெத்தையில் ஒரு சிறு விசேஷம் இருந்தது. வாங்கிச் சில மாதத்தில் நடுவில் பள்ளம் விழும். பள்ளத்தில் விழுந்தவர்கள் போன் செய்வார்கள். போனை எடுப்பவருக்குக் கம்பெனி கொடுத்திருந்த அதிகாரம் ஒரே ஒரு வாக்கியம்: "உங்க புகாரைப் பதிவு பண்ணிட்டோம்." அதை நாள் முழுக்கச் சொல்லி, பதிலுக்குக் கிடைப்பதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டு ஒருவரும் நிலைக்கவில்லை. கடைசியாக இருந்தவர் ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டு வருகிறேன் என்று போனார். இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

விளம்பரம் கொடுத்ததில் வந்த முதல் ஆள் ஒரு பெண்மணி. நாற்பதை ஒட்டிய வயது, தோளில் பெரிய கைப்பை. உள்ளே வந்து வணக்கம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். முகவாய் மேஜைக்கு நேராக வந்ததும், ஒரு நொடி மேஜையை ஆராய்ந்தார். பிறகு கையை நாற்காலிக்கு அடியில் விட்டுத் துழாவினார். 'உஸ்' என்று ஒரு சத்தம். நேர்முகத்தின் கண்ணெதிரே அந்தப் பெண்மணி மெதுவாக மேலே வந்தார். அவருடைய கண் மட்டத்தைத் தாண்டி இன்னும் கொஞ்சம் போய்த்தான் நின்றார். இத்தனை வருடத்தில் அந்தக் கைப்பிடியை ஒருவரும் தொட்டதில்லை. அது வேலை செய்யும் என்பதே நேர்முகத்துக்கு மறந்து போயிருந்தது.

"வெயில் கண்ல அடிக்குது சார். இந்தப் பக்கம் தள்ளி உட்காந்துக்கறேன்" என்று சொல்லி, பதிலுக்குக் காத்திராமல் நாற்காலியை உருட்டிக்கொண்டு மேஜையின் பக்கவாட்டுக்கு வந்துவிட்டார். இப்போது இருவரும் தேர்வு செய்பவரும் தேர்வுக்கு வந்தவரும் போல இல்லை, ஒரே பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் இருப்பவர்கள்போல இருந்தார்கள்.

நேர்முகம் தொண்டையைச் செருமிக்கொண்டு, உங்களைப் பற்றி என்று ஆரம்பித்தார்.

"சொல்றேன் சார். அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. இந்த வேலையில இதுக்கு முன்னாடி இருந்தவர் இப்ப எங்க இருக்கார்?"

நேர்முகம் பதில் சொல்லியிருக்கக் கூடாது. அதைப் பிறகு பேசலாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கேள்வி என்று ஒன்று காதில் விழுந்துவிட்டால் பதில் சொல்லியே பழகிய மனிதர் அவர். சாப்பிடப் போனதைச் சொன்னார். அதற்கு முன் இருந்தவர் என்ன ஆனார் என்று கேட்டார் அந்தப் பெண்மணி. போன் மணி கேட்டால் கை நடுங்குகிறது என்று டாக்டர் சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போனதைச் சொன்னார். அதற்கும் முன்னால்? அழுதுகொண்டே போனதைச் சொன்னார். பள்ளம் ஏன் விழுகிறது, மாற்றித் தர யாருக்கு அதிகாரம், அந்த யாரோ போனை எடுப்பாரா என்று கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒரு பதில் முடியுமுன் அடுத்தது வந்து நின்றது. நடுவில் நேர்முகத்துக்கு நாக்கு வறண்டது. டம்ளரை எடுக்கக் கை நீட்டினார். மேஜை ஓரத்துக்கு வந்திருந்த அந்தப் பெண்மணி அதை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, "குடிச்சிட்டு நிதானமா சொல்லுங்க" என்றார்.

அடுத்து, வேலை செய்யும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். மாட்டேன் என்று சொல்லவும் வழி தெரியாமல் நேர்முகம் முன்னால் நடந்தார்.

புகார் பிரிவு என்பது கிடங்கின் கோடியில் ஒரு தடுப்பு. திரும்பி வந்த மெத்தைகளைக் கூரை வரை அடுக்கியிருந்தார்கள். ஜன்னல் இருந்திருக்கலாம், மெத்தைகளை நகர்த்தினால் தெரியும். பக்கத்து அறையில் பஞ்சு வெட்டும் இயந்திரம் ஓடிய ஓட்டத்தில் மேஜை மேல் இருந்த பேனா தானாக நகர்ந்து கொண்டிருந்தது. போன் அடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பெண்மணி நேர்முகத்தைப் பார்த்தார். நேர்முகம் போனைப் பார்த்தார். கடைசியில் அந்தப் பெண்மணியே எடுத்தார்.

மறுமுனையில் ஒரு மனிதர். மெத்தையின் நடுப்பள்ளத்தில், தானும் மனைவியும் ராத்திரி முழுக்க உருண்டு வந்து ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொள்கிறோம் என்பது புகார். அந்தப் பெண்மணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வீட்டம்மாவுக்கும் இதே புகாரா என்று விசாரித்தார்.  அவளுக்கு இதில் ஆட்சேபணை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை என்றார் அந்த மனிதர், குரல் இறங்கி. நான் இன்னும் இங்கே வேலைக்குச் சேரவில்லை, சேர்ந்தால் முதல் போன் உங்களுக்குத்தான் என்று சொல்லிப் போனை வைத்தார் அந்தப் பெண்மணி.

பிறகு வாசல் வரை நடந்து வந்து, "யோசிச்சு ரெண்டு நாள்ல சொல்லி அனுப்பறேன் சார்" என்றார். அது நேர்முகத்தின் சொந்த வாக்கியம். பிடிக்காத ஆளை வெளியே அனுப்பும்போது அவர் அதைத்தான் சொல்வார்.

அன்று அவர் வீடு திரும்பியபோது நடையில் மிடுக்கு இல்லை. அவருடைய மனைவி பல் டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் வரவேற்பில் இருப்பவள். வலியோடு வருகிறவர்களை நாள் முழுக்க உட்கார வைத்துச் சமாளிக்கிற வேலை என்பதால் முகத்தைப் பார்த்தே சங்கதியைக் கண்டுபிடித்துவிடுவாள். நேர்முகம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். வந்தவள் திமிர் பிடித்தவள் என்றார். நாற்காலியை உயர்த்திய இடம் வந்ததும் மனைவி சிரித்தாள். டம்ளரைக் கொடுத்த இடத்தில் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"ஒருத்தங்க கேட்டாங்க, நீங்க முழுசா பதில் சொன்னீங்களா? அந்தம்மா எப்படிக் கேட்டாங்கன்னு எனக்கும் கொஞ்சம் சொல்லிக் கொடுங்க" என்றாள்.

நேர்முகம் 'ம்' என்றார்.

மறுநாள் காலை அந்தப் பெண்மணியின் விண்ணப்பத்தின் மேல் 'அடக்கம் போதாது' என்று சிவப்பு மையில் எழுதினார். அந்தச் சொற்களைப் பார்த்துச் சற்று ஆறுதலடைந்தார். நாற்காலியை மீண்டும் அடிமட்டத்துக்கு இறக்கி, கைப்பிடியைப் பிடுங்கி அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, அடுத்தடுத்த ஆட்களைக் கூப்பிட்டார்.

எல்லோரும் தங்கமான பிள்ளைகள். உட்கார் என்றால் உட்கார்ந்தார்கள், கண் கூசினால் கூசவில்லை என்றார்கள். ஏதாவது கேட்க விரும்புகிறீர்களா என்று கடைசியில் கேட்டால், எதுவும் இல்லை சார், எல்லாம் தெளிவாக இருக்கிறது என்றார்கள். இத்தனைக்கும் அவர் அதுவரை எதுவும் சொல்லியிருக்கவில்லை. நேர்முகத்துக்குக் கொட்டாவி வந்தது. பலவீனத்தைப் பற்றிய பதில் வரும்போது அவர் உதடும் கூடவே அசைந்தது. இந்த வேலையில் இதுவரை அவருக்குக் கொட்டாவி வந்ததில்லை. வயதாகிறது என்று நினைத்துக்கொண்டார். ஒரு மனிதன் தனக்கு நேர்ந்ததை ஒப்புக்கொள்ள விரும்பாதபோது வயது எப்போதும் கைகொடுக்கும்.

இருந்ததில் அதிகமாகத் தலையாட்டியவரைத் தேர்ந்தெடுத்தார். தலையாட்டி புகார் பிரிவில் உட்கார்ந்தார். முதல் நாள் போனுக்கும் தலையாட்டினார். தலையாட்டுவது போனில் தெரியாது என்பதால் மறுமுனையில் கோபம் அதிகமாயிற்று. மறுநாள் எல்லோருக்கும் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். உங்களுக்குப் புது மெத்தை, உங்களுக்குப் பணம் வாபஸ், உங்களுக்குக் கட்டிலும் சேர்த்து என்று வாக்குக் கொடுத்துத் தீர்த்துவிட்டு, வார இறுதியில் ராஜினாமா செய்தார். அடுத்த வாரம் கம்பெனி வாசலில் கட்டில் கேட்டுச் சிலர் வந்து நின்றார்கள்.

முதலாளி நேர்முகத்தைக் கூப்பிட்டார். கதவு சாத்தியிருந்ததால் உள்ளே நடந்தது யாருக்கும் தெரியாது என்று நேர்முகம் நினைத்தார். அது பஞ்சுக்குப் பேர்போன கம்பெனிதான், ஆனால் கதவில் பஞ்சு வைக்கவில்லை. கணக்குப் பிரிவு முழுக்கக் கேட்டது. உனக்கு ஆளை எடைபோடத் தெரியவில்லை, இந்த வாரத்துக்குள் ஒழுங்கான ஆள் வராவிட்டால் நீயே போய் அந்தப் போனை எடு என்பதுதான் சாராம்சம்.

நேர்முகம் வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஒரு கேள்வி கேட்டார். உங்கள் கிளினிக்கில் பேச்சை நிறுத்தாத ஆள் வந்தால் டாக்டர் என்ன செய்வார்?

மனைவிக்கு ஆச்சரியம். கிளினிக்கைப் பற்றி அவர் அதுவரை எதுவும் கேட்டதில்லை. "என்ன செய்வாரு, பேச விடுவாரு. வலிக்கு பயந்துதான் முக்காவாசிப் பேரு அவ்வளவு பேசுறது. எல்லாத்தையும் கேட்டுப்பாரு. பேசி முடிச்சு ஓய்ஞ்சதும், சரி, இப்ப வாயைத் திறங்கம்பாரு. அதுக்கப்புறம் அவரு வேலைதான். நடுவுல புகுந்தா கடி வாங்கறது யாரு?"

அந்தப் பெண்மணிக்கு நேர்முகம் போன் செய்தார். இப்போது வெளியே இருக்கிறேன், ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட முடியுமா என்றார் அவர். நேர்முகம் கூப்பிட்டார். அந்த ஒரு மணி நேரமும் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார் என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டாவது சந்திப்பை அவர் அந்த அறையில் வைக்கவில்லை. அலுவலகக் கேன்டீனில், கூட்டமில்லாத நேரத்தில், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த உடனே, முதலில் நீங்கள் கேட்க வேண்டியதையெல்லாம் கேளுங்கள், நடுவில் நான் எதுவும் கேட்கமாட்டேன், நீங்கள் முடித்த பிறகு நான் கேட்பேன், அப்போது நீங்கள் எதுவும் கேட்கக் கூடாது என்றார். அந்தப் பெண்மணி கொஞ்சம் தயங்கிவிட்டு ஒப்புக்கொண்டார்.

கேள்விகள் வந்தன. நேர்முகம் தெரிந்ததற்குப் பதில் சொன்னார். தெரியாததற்குத் தெரியாது என்றார். இந்தச் சொல்லை அவர் அலுவலகத்துக்குள் உச்சரித்ததே இல்லை. சொல்லிப் பார்த்ததும் அது அவ்வளவு கசப்பாக இல்லை. மேஜையைக் கிடங்கிலிருந்து வெளியே மாற்றலாம், அது என் கையில் இருக்கிறது என்றார். முடிவெடுக்கக்கூடிய ஒருவர் வாரம் ஒருமுறை அந்தப் போனில் உட்கார வேண்டும் என்ற நிபந்தனை வந்தபோது, முதலாளியைக் கேட்டுப் பார்க்கிறேன், என்ன சொல்வார் என்று தெரியாது என்றார். கேள்விகள் மெல்ல மெல்லக் குறைந்து நின்றன.

"முடிஞ்சதா மேடம்?"

"முடிஞ்சது."

"இப்ப என் முறை. இதுக்கு முன்னாடி பார்த்த வேலையை ஏன் விட்டீங்க?"

அந்தப் பெண்மணி உடனே பதில் சொன்னார். புதிய அனுபவம் தேடி என்றார், சவாலான வேலையில் ஆர்வம் என்றார். சரளமாகத்தான் சொன்னார். நேர்முகம் இந்த ரகப் பதில்களைக் கேட்டே தலைநரைத்தவர். பழைய நேர்முகமாக இருந்தால் புருவத்தை உயர்த்திவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்பார். இப்போது போகவில்லை. பேசாமல் இருந்தார். கேன்டீனில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. அந்தப் பெண்மணி என்னவோ கேட்க வாயெடுத்தார். பேசிய ஒப்பந்தம் ஞாபகம் வந்து மூடிக்கொண்டார். கைப்பையின் வாரை விரலில் சுற்றினார், பிரித்தார்.

"வாஷிங் மெஷின் கம்பெனி சார். அங்கயும் புகார்தான். சேரும்போது நான் எதுவுமே கேக்கல. எது சொன்னாலும் சரி சரின்னு சேர்ந்தேன். நாளைக்கு மெக்கானிக் வருவார்னு சொல்லணும், அதான் வேலை. ஒரு வருஷத்துக்கு மேல சொன்னேன். மெக்கானிக்னு ஒருத்தரே அங்க இல்லன்னு எனக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. தெரிஞ்ச பிறகும் சொன்னேன்."

கடையில் ஒருநாள் வரிசையில் நின்றபோது விலை என்னவென்று கேட்டிருக்கிறார். முன்னால் நின்ற பெண் சட்டென்று திரும்பி, நீங்கதானே அந்த 'நாளைக்கு' என்று கேட்டிருக்கிறாள். குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள். திட்டவில்லை. தன் கையை நீட்டிக் காட்டினாள், துணி துவைத்துத் துவைத்துத் தோல் உரிந்திருந்தது. வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். வாங்க வந்ததை வாங்காமல் வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் வேலைக்குப் போகவில்லை.

"அதான் சார், இப்ப எங்க போனாலும் முதல்லயே எல்லாத்தையும் கேட்டுடறேன். நாலஞ்சு இடத்துல இதுக்காகவே வேணாம்னுட்டாங்க."

நேர்முகத்துக்குச் சிவப்பு மை நினைவுக்கு வந்தது. அதைப்பற்றி ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை. அவ்வளவு தூரம் அவர் திருந்திவிடவில்லை. அதற்குப் பதிலாகத் தன் வேலையைச் செய்தார். நீங்கள் கேட்கும் கேள்வியெல்லாம் சரி, ஆனால் ஒரு பதில் முடியுமுன்னே அடுத்ததைக் கேட்டுவிடுகிறீர்கள், போனில் அப்படிச் செய்தால் ஒரு புகாரோடு வந்தவர் இரண்டு புகாரோடு போவார், பேச விட முடியுமா உங்களால் என்று கேட்டார். அந்தப் பெண்மணியின் முகம் சிவந்தது. முயற்சி செய்கிறேன் என்றார். பதில் அவ்வளவு சின்னதாக இருந்ததாலேயே நேர்முகம் அதை நம்பினார்.

நேர்முகம் முதலாளியிடம் போய் நிபந்தனையைச் சொன்னார். முதலாளிக்கு யோசனை பிடித்துவிட்டது. தான் போனோடு உட்கார்ந்திருக்கும் படம் எவ்வளவு எடுப்பாக இருக்கும் என்று அவர் மனதுக்குள் பார்த்துவிட்டார். உடனே சம்மதித்தார்.

அந்தப் பெண்மணி வேலைக்குச் சேர்ந்து 'புகார் மேடம்' ஆனார். சொன்னபடி முதல் போன் உருண்டு மோதிக்கொள்ளும் தம்பதிக்கு. அந்த வாரமே முதலாளி கோட்டு அணிந்து, தலைவாரி, படம் எடுப்பவரையும் அழைத்துக்கொண்டு வந்து போன் முன்னால் உட்கார்ந்தார். மணி அடித்தது. எடுத்தார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர், முதுகுவலிக்காரர். முதலாளி தானே பேசுவதாகக் கனிவோடு அறிமுகம் செய்துகொண்டார். தரம், பாரம்பரியம், வாடிக்கையாளரே தெய்வம் என்று ஒரு சுற்று வந்தார். டிரைவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்.

"ஐயா, நீங்க எந்த மெத்தையில படுக்கறீங்க?"

முதலாளி படுப்பது கப்பலில் வந்திறங்கிய மெத்தையில். இது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும்.  "கட்டில்ல" என்றார் முதலாளி கடைசியில். படம் எடுப்பவர் அந்த நேரம் பார்த்து ஒரு படம் எடுத்துவிட்டார். அது வெளியாகவில்லை.

டிரைவர் விடவில்லை. உங்கள் மெத்தையில் ஒரு மாதம் படுத்துவிட்டு எனக்குப் போன் செய்யுங்கள், என் புகாரை அப்போது பேசிக்கொள்ளலாம் என்று சொல்லி அவராகவே வைத்துவிட்டார். முதலாளிக்கு ரோஷம் வந்துவிட்டது. அன்றே கிடங்கிலிருந்து ஒரு மெத்தை அவர் வீட்டுக்குப் போயிற்று. ஒரு மாதம் அவர் தாங்கவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒருநாள் நேராகத் தயாரிப்புப் பிரிவுக்குப் போய், நடுவில் கெட்டியான பஞ்சு வைக்கச் சொன்னார். செலவாகும் என்ற மேலாளரிடம், செலவாகட்டும், என் இடுப்பைவிடப் பெரிதா என்றார். எத்தனையோ ஆயிரம் இடுப்புகள் வருடக்கணக்காகக் கத்தியும் நடக்காதது, ஓர் இடுப்பு முனகியதில் நடந்தது. அடுத்த விளம்பரம் 'முதலாளியே படுத்துப் பார்த்த மெத்தை' என்று அவருடைய சிரித்த முகத்தோடு வந்தது. புகார் மேடத்தை வேலைக்கு எடுத்தது யார் என்று பேச்சு வரும்போதெல்லாம், ஆளைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது என்பார் முதலாளி. பார்த்ததே அவர் சேர்ந்த பிறகுதான்.

புகார் மேடத்துக்குப் பதவி உயர்வு கிடைத்தது. பெரிய அறையும், நேர்முகத்துக்கு ஒரு படி மேலான பதவியும். நேர்முகத்துக்குக் கிடைத்தது ஒரு கைகுலுக்கல். இனிமேல் ஆள் எடுக்கும்போது இருவரும் சேர்ந்தே உட்காருங்கள் என்றும் முதலாளி உத்தரவு போட்டார்.

சேர்ந்து உட்கார்ந்த முதல் நாள், மெத்தைகளை லாரியில் ஏற்றி அனுப்பும் வேலைக்கு ஒருவர் வந்தார். ஒல்லியான மனிதர், பர்னிச்சர் கடை ஒன்றில் சரக்கு ஏற்றி இறக்கியவர். புகார் மேடம் தொடங்கினார். மழையில் எப்படி மூடுவீர்கள்? எத்தனை பேர் வேண்டும்? லாரி டிரைவர் வர மறுத்தால் என்ன செய்வீர்கள்? உறை கிழிந்தால் யார் பொறுப்பு? ஒல்லி மனிதர் வாயைத் திறப்பார். வார்த்தை வருமுன் அடுத்த கேள்வி வந்து வாயை மூடும். போனில் புகார் மேடம் கேட்கக் கற்றுக்கொண்டிருந்தார். நேரில் ஆள் கிடைத்ததும் பழைய வேகம் திரும்பிவிட்டது. கொஞ்ச நேரம் போனதும் அந்த மனிதர் உதவி கேட்பவர்போல நேர்முகத்தைப் பார்த்தார். அவரை அப்படி ஒருவரும் அந்த அறையில் பார்த்ததில்லை. எல்லோரும் அவரிடமிருந்து தப்பிக்கத்தான் பார்த்திருக்கிறார்கள்.

"மேடம்" என்றார் நேர்முகம், குரலை உயர்த்தாமல். "அவர் இன்னும் முதல் கேள்விக்கே பதில் சொல்லல. சொல்லட்டும்."

புகார் மேடம் சட்டென்று நிறுத்தினார். பதவியில் தனக்குக் கீழே இருப்பவர் இப்படிச் சொன்னது சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். உதட்டை இறுக்கிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். ஒல்லி மனிதர் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். தார்ப்பாய் மேலே மட்டும் மூடினால் போதாது, லாரியின் தரையிலிருந்து ஈரம் ஏறும், கீழே பலகை போட வேண்டும் என்றார். பேசப் பேசக் குரல் தெளிந்தது. அவரைப் போகச் சொன்ன பிறகு இருவரும் டீ குடிக்கப் போனார்கள். 

"நான் நிஜமாவே யாரையும் பேச விடறதில்லயா சார்?" என்று கேட்டார் புகார் மேடம்.

நேர்முகம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கொஞ்சம் யோசித்து, பதமாகச் சொல்ல வேண்டுமே என்று வார்த்தையைத் தேடினார்.

"சரி விடுங்க, அந்த ஆளை எடுத்துக்கலாமா?" என்றார் புகார் மேடம்.

எடுத்துக்கொண்டார்கள். ஒல்லி மனிதர் அடுத்த வாரமே சேர்ந்து, லாரிகளுக்குப் பலகை போட வைத்தார். மெத்தை நனைந்துவிட்டது என்ற புகார் நின்றுபோயிற்று. பலகையில் நீட்டிக்கொண்டிருந்த ஆணியில் உறை கிழிந்துவிட்டது என்ற புகார் வர ஆரம்பித்தது.